கனசதுரக் காகம்

"தெருவே பாக்க என்னைத் திருடின்னுட்டாருங்க. ஆறு வருஷமா அந்த வீட்டைப் பெருக்குறேன், ஒரு குண்டூசி எடுத்ததில்ல."

சித்திக்கா சொல்லி முடிப்பதற்குள் துப்பறிவாளர் சந்திரலேகா செருப்பை மாட்டிக்கொண்டார். உதவியாளர் இனியா அதற்குள் ஆட்டோவையே நிறுத்திவிட்டாள். அவள் அவசரம் அப்படி.

கோவில்பத்தில் சித்திக்கா கூட்டிப்போன அந்த வீட்டில், கலைவாணன் தன் கட்டில் தலைமாட்டு மேசையில் நின்ற யானை பொம்மையை எடுத்து மடக்கிக் காட்டினார். துதிக்கை உள்ளே போனது, காதுகள் பக்கங்களாயின, கால்கள் மறைந்தன. உள்ளங்கையில் ஒரு கனசதுரம்தான் இருந்தது. பிரித்து இருந்தபடியே வைத்தார், மறுபடி யானை. இனியாவுக்கு வாய் பிளந்துவிட்டது. இதைச் செய்த மூளையைக் கையெடுத்துக் கும்பிடலாம் என்று நினைத்தாள்.

"பத்து சேர்த்து வச்சிருந்தேங்க. சனிக்கிழமை சாயங்காலம் பாத்தா காக்காயைக் காணோம். மூணு வருஷம் தேடிக் கிடைச்சது."

அன்று வந்தவர்கள் மூவர். பெருக்க வந்த சித்திக்கா. காகத்தை விலைக்குக் கேட்டு நச்சரிக்கும் நண்பன் அஃப்ரித். திருநள்ளாற்றில் சாமி பொம்மைக் கடை வைத்திருக்கும் அக்கா லோகாம்பாள். அக்காவைச் சந்தேகப்படக் கலைவாணனுக்குக் கனவிலும் தோன்றாது.

மீதி ஒன்பதும் மும்மூன்றாக நின்றன. ஒன்று சுவரைப் பார்த்தது, ஒன்று ஜன்னலை, நடுவிலிருந்த சிங்கம் கிழக்கே.

"இப்படித்தான் வைப்பீங்களா?" என்றார் சந்திரலேகா.

"இல்லீங்க, எல்லாம் ஒரே வரிசையா வாசலைப் பாத்து நிக்கும். இவதான் கலைச்சுப் போட்டிருக்கா."

"உங்க அக்காவை வரச் சொல்லுங்க."

லோகாம்பாள் பஸ் பிடித்து வந்து சேர்ந்ததும் சந்திரலேகா மேசையைக் காட்டினார்.

"காலி இடம் தெரியக்கூடாதுன்னு மீதியை மாத்தி வச்சிருக்காங்க. கலைச்சு இல்ல, முறையா. எந்த மிருகமாவது இன்னொண்ணு முகத்தைப் பாக்குதா?"

இனியாவுக்கு உடம்பு சிலிர்த்தது. "நவக்கிரகம்!"

"அஃப்ரித்தோ சித்திக்காவோ பழையபடி வாசலைப் பாத்துத்தான் வச்சிருப்பாங்க. கடையில தினமும் நவக்கிரக பொம்மை அடுக்குற கைக்கு, ஒன்பதுன்னா இப்படித்தான் வைக்க வரும்."

லோகாம்பாள் கைப்பையிலிருந்து ஒரு கறுப்புக் கனசதுரத்தை எடுத்தார்.

"உனக்கு ஏழரை நடக்குதுடா தம்பி. சனி பகவான் வாகனத்தைத் தலைமாட்டுலயே வச்சுக்கிட்டுப் படுக்கிறே. எனக்கு மனசு கேக்கல. இந்தம்மா மேல பழி போட்டது இப்பத்தான் தெரியும்."

கலைவாணனின் முகம் சுருங்கிவிட்டது. காகத்தை வாங்கியவர் அதைப் பிரிக்கவில்லை.

"மன்னிச்சிடுங்க சித்திக்கா."

"இங்க சொன்னா யாருக்குங்க கேக்கும்? தெருவுலதானே சொன்னீங்க?"

முதலில் தெருவில் இறங்கியது லோகாம்பாள்தான். "இந்தம்மா எதையும் எடுக்கல, எடுத்தது நான்!" என்ற குரல் கடைசி வீடு வரை போனது. கலைவாணனும் பக்கத்தில் போய் நின்று, மூடியிருந்த எதிர்வீட்டுக் கதவு திறக்கும் வரை அதையே சொன்னார்.

சித்திக்கா வாசற்படியில் நிமிர்ந்து நின்றார். இந்தம்மா இத்தனை உயரமா என்று இனியாவுக்கு மலைப்பாக இருந்தது.