பக்கத்து சீட்டுக்கு லைசென்ஸ்

எழுபது தாண்டியவர்கள் லைசென்ஸ் புதுப்பிக்க ஆபீஸ் படி ஏறிய காலமெல்லாம் மலையேறிவிட்டது. சொந்த வாசலில், சொந்தக் காரில் உட்கார்ந்து, போக்குவரத்துத் துறை அனுப்பும் சாலைக்கண்ணாடியை மாட்டிக்கொண்டால் போதும். கண்முன்னே சாலை விரியும். கார் அசையாது, ஓட்டுகிறவர் ஓட்டிக்கொண்டே இருக்கலாம். ஒவ்வொரு முடிவையும் எடுத்தது யார் மூளை என்று கண்ணாடியில் இருக்கும் மூளைமானி குறித்துக்கொள்ளும்.

கோயமுத்தூர் கனகராஜ் முதல் தடவை தனியாக உட்கார்ந்து ஒரு மாட்டின் மேல் மோதினார். பொய் மாடுதான், ஆனாலும் மானம் போச்சு. இன்னும் ஒரே வாய்ப்பு. அதிலும் கோட்டை விட்டால் காரை விற்றுவிடுவேன் என்று மகன் கறாராகச் சொல்லிவிட்டான். கார் போனால் கனகராஜுக்கு உயிரே போன மாதிரி.

"ஏனுங்க, நான் பக்கத்துல இல்லாம என்னைக்குங்க நீங்க வண்டி எடுத்திருக்கீங்க?" என்றாள் மனைவி லோகநாயகி.

நியாயமான கேள்வி. வழக்கம்போல ஓட்டிக் காட்டுங்கள் என்றுதான் விதியும் சொல்கிறது. அவளும் ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்து சீட்டில் ஏறினாள். ஸ்டியரிங்கைத் தொட்டே பார்க்காத மகராசி!

"பஸ்ஸு வருதுங்க, ஒதுங்குங்க! ஐயையோ, மாடு, மாடு! பிரேக்கு! அந்த பைக்குக்காரன் கையக் காட்டாமத் திரும்புவான் பாருங்க!"

திரும்பினான்.

"கொஞ்ச நேரம் வாய மூடு புள்ள! ஓட்டறது நீயா, நானா?" என்று சீறிக்கொண்டே, அவள் சொன்ன இடத்திலெல்லாம் பிரேக்கை மிதித்தார் கனகராஜ்.

முடிவு திரையில் வந்தது. 'தேர்ச்சி. ஓட்டுநர்: லோகநாயகி. கை, கால்: கனகராஜ்.'

கொதித்துப்போய்த் துறையின் உதவிக்குரலைக் கூப்பிட்டார். "ஸ்டியரிங்கப் புடிச்சது நானுங்க!"

"பிடித்தது தாங்கள்தான் ஐயா," என்றது அது பணிவாக. "முடிவெல்லாம் அம்மாவுடையது. இனி அபராதமோ வழக்கோ, எது வந்தாலும் அவர்தான் பொறுப்பு. தாங்கள் நிம்மதியாக இருக்கலாம்."

சரி, கார் தப்பித்ததே என்று மனதைத் தேற்றிக்கொண்டார். லோகநாயகியோ தன் பேருக்கு வந்த லைசென்ஸைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தாள்.

மறுநாள் லைசென்ஸை மருதமலை முருகன் பாதத்தில் வைத்து வாங்கிவரக் கிளம்பினார்கள். நாலு ரோடு சந்திப்பின் நட்டநடுவில் கார் நின்றது. கனகராஜ் அவள் சொல்லுக்குக் காத்திருந்தார். பக்கத்தில் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால், லோகநாயகி முகம் வெளுத்து, முந்தானையைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன புள்ள, போலாமா, வேண்டாமா?"

"நீங்களே பாத்துப் போங்க."

"எனக்கென்ன தெரியும்? பஸ்ஸு வருதா?"

பின்னால் ஹாரன்கள் காதைப் பிளந்தன. ஒரு லாரிக்காரர் இறங்கி வந்தே திட்டினார். கனகராஜ் பெண்டாட்டியைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"லோகு, ஏதாச்சும் சொல்லு தாயி. நாலு வார்த்தை திட்டவாச்சும் செய்யி!"

"மாட்டேனுங்க," என்று அழவே ஆரம்பித்துவிட்டாள் லோகநாயகி. "இத்தனை நாளா உங்க லைசென்ஸுதானேன்னு வாய்க்கு வந்ததச் சொன்னேன். இப்பத் தப்பாச் சொன்னா என் லைசென்ஸுதானுங்களே போயிரும்!"