கேரட்டும் காணாத குதிரையும்

புதிதாகச் சேர்ந்த பையன் ஐந்தாம் வகுப்புக்குள் நுழைந்தபோது அவன் நெற்றியில் நீச்சல் கண்ணாடி இருந்தது. தோளில் துண்டு. கையில் ஒரு கேரட்.

"மிஸ், குதிரை எங்க இருக்கு?" என்று கேட்டான்.

வகுப்பே கொல்லென்று சிரித்தது. முதலில் வெடித்தது யார் என்று கேட்கவே வேண்டாம். அந்தச் சிறுமிக்குப் பட்டாசு என்று பட்டப்பெயர் வந்ததே அவளுடைய சிரிப்பால்தான். ஒருமுறை அவள் சிரித்த சிரிப்பில், பக்கத்து வகுப்பு ஆசிரியர் பதறிப்போய் சாக்பீஸைக் கீழே போட்டிருக்கிறார்.

"எந்தக் குதிரைடா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டாள் பட்டாசு.

"நம்ம ஸ்கூல் குதிரைதான். வெப்சைட்ல போட்டிருக்கே! 'எங்கள் மாணவர்கள் குதிரைகளிடம் அன்பைக் கற்கிறார்கள். நீச்சல் குளத்தில் துணிச்சலைக் கற்கிறார்கள்.' நான் மனப்பாடமே பண்ணிட்டேன்."

வகுப்பு மறுபடியும் சிரித்தது. பட்டாசு மட்டும் மழையில் நனைந்த பட்டாசு போல நமுத்துப் போனாள். ஏனென்றால், அந்தப் பள்ளியின் கம்ப்யூட்டர் ஆசிரியர் அவளுடைய அப்பா. இணையதளத்தில் 'எங்கள் பள்ளியின் பண்புகள்' என்ற பக்கத்தைப் போன வாரம் ஏற்றியவரும் அவரேதான்.

இடைவேளையில் அந்தப் பையன் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருந்தான். கண்ணாடியையும் துண்டையும் பைக்குள் திணித்துவிட்டான். கேரட்டின் இலை மட்டும் வெளியே எட்டிப் பார்த்தது. "கேரட்! டேய் கேரட்!" என்று கத்திக்கொண்டே இரண்டு பேர் ஓடினார்கள்.

பட்டாசு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நீதானே முதல்ல சிரிச்சே?" என்றான் அவன், நிமிர்ந்து பார்க்காமல்.

"ஆமா. சாரி."

"அம்மா மூணு ஸ்கூல் காட்டினாங்க. உனக்குப் பிடிச்சதை நீயே சொல்லுன்னாங்க. நான்தான் இதைச் சொன்னேன். நாளையில இருந்து வரமாட்டேன். சாயங்காலம் அம்மாகிட்ட சொல்லிடுவேன்." அவன் குரல் உடைந்தது.

அப்பா செய்த வேலைக்கு இவன் அழுகிறானே என்று பட்டாசுக்கு வெட்கமாக இருந்தது. சட்டென்று எழுந்தாள்.

"குதிரை இல்லதான். ஆனா கேரட்டை எதுக்கு வீணாக்கணும்? என்கூட வா."

வழியில் குழாயடி. அங்கே குழாய் ஒழுகி ஒழுகித் தரையெல்லாம் தண்ணீர். நடுவே செங்கற்களைப் போட்டிருந்தார்கள். பெரிய வகுப்பு அக்கா ஒருத்தி, ஒன்றாம் வகுப்புப் பொடிசு ஒன்றைக் கைபிடித்துக் கல் கல்லாகத் தாண்ட வைத்துக்கொண்டிருந்தாள்.

"இதுதான் நீச்சல் குளமா?" என்று கேட்டான் பையன்.

"உள்ளதைச் சொல்லணும்னா, ஆமா."

வாட்ச்மேன் மாமாவின் அறைக்குப் பின்னால் ஓர் ஆடு கட்டியிருந்தது. போன தேர்வின்போது கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து கணக்கு விடைத்தாள்களைத் தின்ற ஆடு அது. அன்றிலிருந்து பிள்ளைகளுக்கு அதன்மேல் தனி மரியாதை.

ஆடு கேரட்டை மூன்றே கடியில் முடித்தது. பிறகு பைக்குள் தலையை விட்டு நீச்சல் கண்ணாடியின் பட்டையை மெல்ல ஆரம்பித்தது.

"ஐயோ, அது சாப்பிடறது இல்ல! விடு!" என்று பையன் இழுத்தான். ஆடும் இழுத்தது. அன்று அவன் முதல்முறையாகச் சிரித்தான்.

மாலையில் வீட்டில் அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, நம்ம ஸ்கூல்ல குதிரை இருக்கா?"

"குதிரையா? பெஞ்சே பத்தலம்மா."

பட்டாசு நடந்ததைச் சொன்னாள். அப்பாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

"ஒரே நாள்ல பக்கம் வேணும்னு ஹெச்.எம். மேடம் சொல்லிட்டாங்க. உக்காந்து உக்காந்து பார்த்தேன். ஒரு வரி வரல. அதான் வேற ஒரு பெரிய ஸ்கூலோடதை எடுத்து, பேரை மட்டும் மாத்திட்டேன்."

பட்டாசு அவருடைய போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். "மூணாவது வரி. 'நேர்மையே எங்கள் உயிர்மூச்சு.' இதையும் காப்பி அடிச்சியாப்பா?"

பதிலுக்குச் சட்டைதான் புகைந்தது. சட்டைப்பை இருந்த இடத்தில் இஸ்திரிப் பெட்டியின் அச்சு அழகாகப் பதிந்துவிட்டது.

"மேடத்துக்குத் தெரிஞ்சா என் வேலைக்கே வேட்டும்மா."

"நாளைக்கு இன்னொருத்தன் சேணத்தோட வந்து நின்னா என்ன பண்ணுவே? நீயே போய்ச் சொல்லிடுப்பா. நானும் கூட வரேன்."

மறுநாள் காலை தலைமை ஆசிரியை அறையில் அவர்களுக்கு முன்பே இரண்டு பேர் இருந்தார்கள். கேரட் பையனும், இடுப்பில் கைவைத்து நின்ற அவன் அம்மாவும்.

"ஒண்ணு, குதிரையைக் காட்டுங்க. இல்லைன்னா டி.சி. கொடுங்க" என்றார் அந்த அம்மா.

"குதிரையா?" தலைமை ஆசிரியை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

பட்டாசு அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"தப்பு என்னோடது மேடம். அது நம்ம ஸ்கூலைப் பத்தி எழுதினதே இல்ல. வேற ஸ்கூலோடது."

தலைமை ஆசிரியையின் முகம் சிவந்தது. இடி விழப்போகிறது என்று பட்டாசு கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"ஏங்க, போடறதுக்கு முன்னாடி நீங்க படிச்சுப் பார்க்கலையா?" என்று அந்த அம்மா தலைமை ஆசிரியையைக் கேட்டார்.

இடி விழவில்லை. ஓர் இருமல்தான் வந்தது. "மேல என் போட்டோ போட்டிருந்தாங்க. நல்லா வந்திருந்துச்சு. அதைப் பார்த்துட்டு... சரின்னு சொல்லிட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. அடக்கிக்கொள்ளப் பட்டாசு பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

"சரி சார், இன்னைக்கே மாத்திடுங்க" என்றார் தலைமை ஆசிரியை.

"என்னன்னு எழுதறது மேடம்?"

"நம்மகிட்ட இருக்கறதை எழுதலாம் மிஸ்" என்றாள் பட்டாசு. "குழாயடித் தண்ணில பெரியவங்க சின்னவங்களைக் கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போவாங்க. அதை எழுதலாம்."

"தண்ணி தேங்குதுன்னா ஊரெல்லாம் சொல்றது?"

"அப்போ குழாயைச் சரி பண்ணிடுங்க மிஸ். கைபிடிக்கறது மட்டும் இருக்கட்டும்."

"அன்புன்னு ஒரு வரி வேணுமே, அதுக்கு?" என்று அப்பா தலையைச் சொறிந்தார்.

இதுவரை பேசாமல் இருந்த பையன் வாய் திறந்தான். "எழுதிக்கோங்க சார். 'புதுசா வர்றவங்களைப் பார்த்து முதல்ல சிரிப்போம். அப்புறம் பக்கத்துல வந்து உக்காருவோம்.'"

பட்டாசு தலையைக் குனிந்துகொண்டாள். கண் கலங்கியது, சிரிப்பும் வந்தது.

அவன் அம்மா இடுப்பிலிருந்து கையை எடுத்தார். "டேய், அப்போ டி.சி.?"

"வேண்டாம்மா. காலையில, போகலாமா இருக்கலாமான்னு தெரியல. எதுக்கும் இருக்கட்டும்னு எடுத்துட்டு வந்தேன்." அவன் பையைத் திறந்தான். உள்ளே இரண்டு கேரட் இருந்தன.

அன்று மாலையே புதிய பக்கம் ஏறியது. கடைசி வரி இப்படி இருந்தது: 'எங்களிடம் குதிரை இல்லை. ஓர் ஆடு இருக்கிறது. கேரட் கொண்டு வரலாம்.'

சிறிது நேரத்தில் தலைமை ஆசிரியை அறையில் தொலைபேசி மணி அடித்தது.

"ஆமாங்க, இந்தத் தடவை நானே படிச்சுப் பார்த்தேன்" என்றார் அவர். "ஆடு நிஜமாவே இருக்குங்க. என் குடையில பாதி அது வயித்துலதான் இருக்கு."