அறுபத்தொரு பச்சைக் கட்டைகள்

ஒத்திகை வீடு மூன்றாவது முறையாகக் கோப்பைத் துப்பிவிட்டது.

சுவரை அடைத்து நின்ற நிரல் பலகையில் பச்சையும் நீலமும் சிவப்புமாகக் கட்டைகள் வரிசையாக இறங்கி வந்தன. பாதி வழியில் நின்றன. பிறகு கூடை கவிழ்ந்த எலுமிச்சை போலச் சிதறி மறைந்தன. ‘கோப்பை ஏற்ற இயலவில்லை’ என்ற ஒற்றை வரி மட்டும் மிஞ்சியது. ஏன் இயலவில்லை என்று சொல்லும் வழக்கம் அந்த இயந்திரத்துக்கு இல்லை.

நாச்சிமுத்து நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். எழுபத்து நான்கு வயதிலும் அவர் முதுகு நாற்காலியைத் தொட்டதை யாரும் பார்த்ததில்லை. அன்று விடியற்காலை முகூர்த்தத்தில் பேத்தி வான்மதியின் கழுத்தில் தாலி ஏறியாகிவிட்டது. பதினொரு மணிக்கு மாப்பிள்ளை வீட்டில் கோப்பேற்றம்; அதற்கு முன் இந்தச் சோதனை இயந்திரத்தில் கோப்பு ஏறிக் காட்ட வேண்டும். இப்போது மணி எட்டரை.

திருப்பூர்ப் பக்கத்தில் பெண்ணுக்குக் கட்டிலும் பீரோவும் கொடுத்தனுப்பும் பழக்கம் ஒழிந்து வெகுகாலமாகிறது. இப்போது பெண்ணோடு போவது குடிக்கோப்பு. கதவு, அடுப்பு, தண்ணீர், படுக்கை, பரிமாறும் ஏந்தி என்று வீட்டில் அசைவதையெல்லாம் ஆள்வது மனையறிவு. அதற்கு நல்லது கெட்டது சொல்லித் தருபவை, குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கோத்து வைத்த நிரல் கட்டைகள். ‘விருந்தாளி வந்தால்’ என்று ஒரு கட்டை. அதன் பள்ளத்தில் ‘தண்ணீர் கொடு’ என்ற கட்டையின் பல் போய் உட்காரும். படிக்கத் தெரிந்த யாரும் கோக்கலாம். பெண் வீட்டுக் கோப்பு புது வீட்டில் ஏறி மாப்பிள்ளை வீட்டுக் கோப்போடு கலந்தால்தான் வீடு இருவருக்கும் பொது. ஏறாவிட்டால் மாப்பிள்ளை வீட்டு நெறி மட்டுமே ஓடும். வாழ வந்தவள் காலமெல்லாம் தன் வீட்டிலேயே விருந்தாளி. ‘கோப்பு ஏறாத குடி’ என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டால், அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் எந்தப் பந்தலிலும் தலைநிமிர்ந்து உட்கார முடியாது.

“ஏம்மா, இன்னும் எத்தன நேரம்?” என்றார் நாச்சிமுத்து.

“இருங்கையா. ஒவ்வொண்ணாத்தானுங்க பாக்கோணும்.” கோப்பு பழுதுபார்க்க வந்த ரெஜினா பலகையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. நாற்பது வயதுக்காரி, ஊரில் பாதி வீட்டு ரகசியம் அவளுக்குத் தெரியும், ஒன்றையும் வெளியே விட்டதில்லை என்ற பெயர் அவளுக்கு இருந்தது. அதனால்தான் அவளை அழைத்திருந்தார். “கோப்போட வகை சரியாத்தான் இருக்குது. பழைய பதிப்ப புதுசுக்கு மாத்தியாச்சு. எடை சாஸ்தியா இருக்குதுன்னு உங்கய்யன் இருமுற பதிவையெல்லாம் கழட்டி வெச்சுட்டேன்.”

“எங்கய்யன் இருமலக் கழட்டுனியா? அவரு இருமுனா பட்டறையே எந்திரிச்சு நிக்கும், தெரியுமா?”

“பத்தரமா இருக்குதுங்க. ஏறுனதும் சேத்துப்போடலாம். நின்ன ஆளுக உக்காந்துட்டுப் போகட்டும்.”

நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை. மாப்பிள்ளை வீட்டிலிருந்து சம்பந்தி செங்கோட்டுவேல் அழைத்தார். பலகையின் ஓரத்தில் அவருடைய வியர்த்த முகம் தெரிந்தது.

“மாமா, எங்க வாசல்ல பந்தலு ரெடிங்க. சொந்தமெல்லாம் இப்பவே வந்து எடம் புடிச்சுருச்சு. உங்க வீட்டு உபசாரம் எங்க வீட்டுக்கு வரப்போகுதுன்னு எங்கம்மாவுக்குக் காலு தரையில நிக்கல. அதுக்காகத்தானே சம்மந்தமே பேசுனோம்!”

“பதினோரு மணிக்கு ஏறும்” என்றார் நாச்சிமுத்து.

அது வெறும் முகத்துதி இல்லை. அந்த வீட்டு உபசாரம் சுற்றுவட்டாரத்தில் பேர்போனது. வாசலில் ஆள் நின்றால், மனையறிவு முதலில் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்க்கும். செருப்பில் புழுதி இருந்தால் நடந்து வந்தவர், அவருக்கு மோர். கைக்குழந்தையோடு வந்தால் விசிறி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சாவு வீட்டிலிருந்து வந்தவரிடம் எதுவும் கேட்காது. சாப்பிட்டவர் இலையை மூடத் தயங்கினால், இன்னும் பசி என்று அறிந்து, கேட்காமலே இன்னொரு கரண்டி விழும். இப்படிப்பட்ட வீடு என்று சொல்லித்தான் நாச்சிமுத்துவின் மகனுக்குப் பெண் கிடைத்தது, பேத்திக்கு மாப்பிள்ளை கிடைத்தது.

ரெஜினா பலகையைத் திருப்பிக் கட்டைகளின் முதுகுப் பக்கத்தைக் காட்டினாள். ஒவ்வொரு கட்டையின் முதுகிலும் செய்தவர் பெயர் பொறித்திருந்தது. சில முதுகுகள் மொட்டையாக இருந்தன.

“அகப்பட்டுருச்சுங்க. அறுபத்தொரு கட்டைக்குச் செஞ்சவங்க பேரே இல்ல. எல்லாமே பச்சக் கட்டை. பேரில்லாத கட்டைய எந்தப் புது வீடும் ஏத்துக்காதுங்க. திருட்டு நிரலெல்லாம் அப்பிடித்தானே வீட்டுக்குள்ள நொழைஞ்சுது, அதுக்கப்பறம் வந்த சட்டம்.”

“எங்க வீட்டுல முப்பது வருஷமா ஓடுதே?”

“உங்க வீட்டுக்கு ஞாபகம் இருக்குதுங்க. யாரோ கோப்போட ஏட்டுல பேர அழிச்சிருக்காங்க. பழகுன வீடு கண்ண மூடிக்கிட்டு ஓட்டிருச்சு. புது வீட்டுக்கு ஏட்டுல இருக்கறதுதானுங்களே தெரியும்?” அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். “செஞ்சவங்க யாருங்கையா?”

நாச்சிமுத்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

செய்தவள் மயிலாத்தாள். அவருடைய ஒரே தங்கை. அவர் கல்யாணத்தில், உடன்பிறந்தவளுக்கு உரிய இணைச்சீர்ச் சடங்கில் அவர் பக்கத்தில் சிவப்புப் புடவை கட்டி உட்கார்ந்தவள். பதினாறு வயதிலிருந்து கட்டை கோத்தாள். விருந்தாளிகளைக் கதவோரம் நின்று கவனிப்பாள். போனதும் பலகையில் உட்கார்ந்துவிடுவாள். அய்யன் என்று அவர்கள் அழைத்த அப்பாவின் சாயப்பட்டறையில் கணக்கும் அவள்தான். பட்டறை சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்யாமல் நொய்யல் ஆற்றில் விடுகிறது என்று வழக்கு வந்தபோது, ஊரே வாய்மூடி நிற்க, அவள் கூண்டில் ஏறி ஆமாம் என்றாள். பட்டறைக்குச் சீல் வைத்தார்கள். அய்யன் அந்த வருஷமே போய்ச் சேர்ந்தார். அவள் சொன்னது பொய் என்று நாச்சிமுத்து ஒருநாளும் சொன்னதில்லை. பொய்யாக இருந்திருந்தால் ஒருவேளை மன்னித்திருப்பார்.

காரியம் முடிந்த கையோடு, தன் வாழ்நாளிலேயே ஒரே ஒரு கட்டையை அவர் செய்தார். சிவப்புக் கட்டை. அவள் பெயரை விரலால் எழுதவும் அவருக்குக் கூசியது. அதனால் பெயருக்கு உரிய குழியில், ‘இந்தப் பச்சைக் கட்டைகளைச் செய்தவர்’ என்று மட்டும் பொருத்தினார். வந்தால் கதவு திறக்காதே. தண்ணீர் கொடுக்காதே. அம்மா கெஞ்சுவாள் என்று தெரிந்து, இன்னொன்றையும் கீழே கோத்தார்: உள்ளிருந்து யார் சொன்னாலும் திறக்காதே. அந்தச் சித்திரையில் அவள் ஒருமுறை வந்தாள். உச்சி வெயில் ஏறும்வரை வாசலில் நின்றாள். அவள் கோத்த வீடு அவளுக்கு ஒரு வாய் தண்ணீர் தரவில்லை. நாச்சிமுத்து ஜன்னலருகே முதுகு சாயாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவள் போன பிறகு ஏட்டிலும் அவள் பெயரை அழித்தார்.

“ஏனுங்கையா, அவங்க இருக்காங்களா?” ரெஜினாவின் குரல் தணிந்திருந்தது. “பேரத் திருப்பிப் போட்டாப் போதும், அஞ்சு நிமிசம். குடும்பத் தலைவரு நீங்க உள்ளங்கைய வெச்சு ஒரு வார்த்த சொல்லோணும், அவ்வளவுதான்.”

“ஏத்தும்போது அந்தப் பேரு வெளிய தெரியுமா?”

“கதவுல ஓடுமுங்க. செஞ்சவங்க பேரெல்லாம் ஒவ்வொண்ணா. அதானே சம்பரதாயம்?”

முந்நூறு பேர் முன்னால், அவருடைய குடியின் உபசாரம் முழுக்க அவள் பெயரில் ஓடும். அய்யனைக் கூண்டேறிக் காட்டிக்கொடுத்தவள் பெயரில். நாச்சிமுத்து தொண்டையைச் செருமினார்.

“அந்தக் கட்டைகளக் கழட்டிரு.”

“கழட்டலாமுங்க. அப்பறம் மிச்சம் என்ன இருக்குதுன்னு நீங்களே பாருங்க.”

அவள் பச்சையை மறைத்தாள். பலகையில் தண்ணீர்த் தொட்டி நிரம்பும் நேரம், பூட்டு, விளக்கு அணையும் நேரம், யார் எந்த நாற்காலியில் உட்காரலாம் என்ற ஒழுங்கு, அந்த ஒற்றைச் சிவப்பு ஆகியவை மிஞ்சின. ஜெயிலுக்குக்கூட இதைவிட நல்ல கோப்பு இருக்கும்.

நாச்சிமுத்து எழுந்து, வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டார்.

“எம்பேரப் போடு.”

“எதுக்குங்க?”

“அறுபத்தொண்ணுக்கும். செஞ்சவரு நாச்சிமுத்து.”

ரெஜினா கையைப் பலகையிலிருந்து எடுத்துவிட்டாள். “ஐயா, அது சரியா வருமுங்களா? இதோட ஒரு செவப்புக் கட்டை வேற கோத்திருக்குது. அத ஒருக்கா தொறந்து பாத்துட்டு…”

“அது எனக்குத் தெரியும். நாந்தான் வெச்சேன். அதத் தொடாதே.”

“இல்லீங்க, நான் சொல்ல வர்றது…”

“என்ற வீட்டுக் கட்டை, என்ற பேரு. சொன்னதச் செய்யம்மா. நேரமாவுது.”

உள்ளங்கையைப் பலகையில் வைத்தார். அறுபத்தொரு மொட்டை முதுகுகளிலும் அவர் பெயர் பூத்தது. ஒத்திகை வீடு கோப்பை ஒரே மூச்சில் விழுங்கிக்கொண்டது.

செங்கோட்டுவேல் வீட்டு வாசலில் தலைகளாகத் தெரிந்தது. வழக்கப்படி மணமக்கள் மட்டும் உள்ளே இருக்க, பெண் வீட்டார் மூடிய கதவுக்கு வெளியே நின்றார்கள். ரெஜினா கோப்புச் சில்லைக் கதவின் குழியில் வைத்தாள். கதவு முழுக்கக் கட்டைகள் இறங்கின, ஒன்றுகூடத் தயங்கவில்லை. பெயர்கள் ஓடத் தொடங்கின. அய்யன் பெயர் நான்கு முறை, அம்மா பெயர் ஒன்பது முறை. அப்புறம் நாச்சிமுத்து, நாச்சிமுத்து, நாச்சிமுத்து என்று அடைமழை போல ஓடியது.

“அட, அத்தனையும் பெரியவரு கைவேலையா!” என்று செங்கோட்டுவேலின் அம்மா கன்னத்தில் கைவைத்தாள். “பாத்தா எந்நேரமும் வெறப்பா நிக்கற மனுசன். மனசுக்குள்ள இத்தன ஈரமா!”

கூட்டம் கைதட்டியது. நாச்சிமுத்து கைகூப்பினார். அந்த ஒரு கணம், தான்தான் செய்தோம் என்றே அவருக்குத் தோன்றியது.

குடிக்கு மூத்தவர் முதலில் நுழைய வேண்டும். அவர் படியேறினார். கதவு அசையவில்லை.

“ஏதோ கோளாறுங்க மாமா, செத்த இருங்க” என்று செங்கோட்டுவேல் முன்னால் வந்தார். கதவு அவருக்குத் திறந்தது. “வாங்க, வெயில்ல நின்னிருப்பீங்க” என்றது. நாச்சிமுத்து ஓரடி வைத்ததும் மூடிக்கொண்டது. அவர் விலகியதும் திறந்து, அவர் மகனை வரவேற்றது, மருமகளை வரவேற்றது. பந்தலுக்குள் ஏந்தி உருண்டு வந்தது. செருப்பில் புழுதியோடு நின்றவர்களுக்கு மோர் கொடுத்தது, குழந்தைக்காரிகளுக்கு வெந்நீர் கொடுத்தது. நாச்சிமுத்துவிடம் வந்தது, அவர் காலைப் பார்த்தது, அவர் கை நீட்டும்போதே வளைந்து அடுத்தவரிடம் போய்விட்டது.

கைதட்டிய கூட்டம் இப்போது கிசுகிசுத்தது. உள்ளிருந்து வான்மதியின் குரல் கேட்டது. “தொற, அவரு எங்கப்பாரு!” என்று தாத்தாவுக்காக மனையறிவை அதட்டினாள். கெஞ்சினாள். கதவு அசையவில்லை.

ரெஜினா அவர் காதருகே வந்தாள். “ஐயா, இதத்தானுங்க சொல்ல வந்தேன். அந்தச் செவப்புக் கட்டைல பேரே இல்ல. ‘செய்தவர்’னு மட்டுந்தான் இருக்குது. இப்பச் செஞ்சவரு நீங்கதானே?”

“எடுத்துரு அத.”

“உள்ள இருந்து யாரு சொன்னாலும் கேக்காதேன்னு கோத்திருக்கீங்க. வெளிய இருந்து என்னாலயும் ஆவாது. உங்க வீட்டுலயும் இப்ப இதே கோப்புதாங்க ஓடுது. அங்க போனாலும் இதே கதைதான்.” அவள் சுற்றிலும் பார்த்துக்கொண்டாள். “ஒரே வழி இருக்குது. செஞ்சவரு ஏட்டக் கதவுலயே தொறந்து விடறேன். அது கேக்கும். நீங்க நெசமான பேர ஒருக்காச் சொல்லிருங்க. செஞ்சவங்க வேறன்னு ஆயிட்டா, கதவு உங்களுக்குத் தொறந்துக்கும்.”

அவர் பதிலுக்குக் காத்திராமல் அவள் கதவின் ஓரத்தைத் தொட்டாள்.

உச்சி வெயில் பந்தலின் இடுக்கு வழியாக அவர் தலையில் இறங்கியது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ‘கட்டைகளைச் செய்தவர் யார்?’ என்று கதவு எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டது. சற்றுப் பொறுத்து, தயங்குகிறவர்களிடம் அவசரப்படாமல் இரண்டாம் முறை கேட்க வேண்டும் என்று எப்போதோ யாரோ கோத்து வைத்தபடி, குரலைத் தணித்துக்கொண்டு மறுபடியும் கேட்டது.

“அப்பாரு,” என்றாள் வான்மதி கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அழுகையோடு. “யாரு செஞ்சதுன்னு சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் கொறஞ்சு போயராது. நீங்க உள்ள வந்தாப் போதும்.”

முந்நூறு முகங்களும் அவரையே பார்த்தன. மயிலாத்தாள் என்ற ஆறெழுத்து முப்பது வருஷத்துக்குப் பிறகு அவர் பல் வரைக்கும் வந்தது. நாச்சிமுத்து முதுகை நிமிர்த்தினார்.

“நான்தான்” என்றார்.

ஏட்டில் அதை இன்னொருமுறை உறுதியாகப் பதிந்துகொண்டு, கதவு மூடியபடியே நின்றது.