நாலாவது கப்

மாமா செகண்ட் ஹேண்டில் லாரி வாங்கிய மூன்றாம் நாள், மலைப்பாதைக்குப் பாரம் ஏற்றிக்கொண்டு நேரே என் பட்டறைக்கு வந்தார். அக்காவும் கேபினில் இருந்தாள். உச்சி வெயில்.

"மாப்ள, அடியில ஒரு பார்வை பாத்து மஞ்சப் புள்ளி வெச்சுடு. அரை மணியில கிளம்பணும்."

மஞ்சள் புள்ளி என் முத்திரை. நான் பார்த்துச் சரி என்ற ஜாயிண்டில் மட்டும் பெயிண்ட்டால் வைப்பேன். டிரைவர்கள் அதை நம்பி வண்டி எடுப்பார்கள். அந்த நம்பிக்கையை நினைத்தால் எனக்கு என் மேலேயே காறித் துப்பத் தோன்றும்.

விளக்கோடு வண்டிக்கு அடியில் இருந்த பட்டறைப் பள்ளத்தில் இறங்கினேன். தலைக்கு மேலே நீளமான ஷாஃப்ட். இன்ஜினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோவது அதுதான். அது மடங்கும் இடத்தில் கூட்டல் குறி போல ஓர் இரும்பு இருக்கும், கிராஸ் என்போம். நான்கு முனையிலும் மூடி போல நான்கு கப். நடுவில் கிரீஸ் அடித்தால் நான்கு கப்பின் ஓரத்திலும் பழையது வழிந்து புதியது எட்டிப் பார்க்க வேண்டும். ஒன்றில் வராவிட்டாலும் அது உள்ளே காய்ந்து தேய்கிறது என்று அர்த்தம்.

பள்ளத்தில் செத்த எலி நாற்றம் அடித்தது. காலையில்தான் கழுவியிருந்தேன்.

முன்பக்கக் கிராஸைத் துணியால் துடைத்தேன். அழுக்குக்கு அடியில் மஞ்சள் புள்ளி.

இந்த லாரியை நான் இதற்குமுன் தொட்டதே இல்லை.

வெர்னியர் அளவுகோலை வைத்துக் கப்பை அளந்தேன். ஒரு நம்பர் பெரியது. இந்த ஷாஃப்ட்டில் அது உட்காரவே முடியாது. உட்கார்ந்திருந்தது.

அந்த அளவு எனக்கு மனப்பாடம். ஏழு மாதத்துக்கு முன் செம்பட்டை என்ற டிரைவரின் லாரியில் இருந்தது அதுதான். தலைமுடி செம்பட்டையாக இருந்ததால் அவனுக்கு அந்தப் பெயர். அன்று அவன் வண்டியில் நாலாவது கப் கிரீஸ் வாங்கவில்லை. கழற்றி மாற்றியிருக்க வேண்டும். எனக்குச் சோம்பல். விரலில் புதுக் கிரீஸைத் தொட்டு, உள்ளேயிருந்து வந்தது போல அதன் ஓரத்தில் தடவி, புள்ளி வைத்து அனுப்பினேன். இறக்கத்தில் கிராஸ் உடைந்து, ஷாஃப்ட் கேபின் தரையைக் கிழித்துக்கொண்டு ஏறியதில் அவன் செத்தான். அதிகாரிகள் வருமுன் நான் ஓடிப்போய் உடைந்த கிராஸை எடுத்துவந்து, பட்டறைக்குப் பின்னால் கழிவு ஆயில் பீப்பாயில் போட்டேன். ஓட்டும்போது செம்பட்டை தூங்கிவிட்டதால்தான் விபத்து என்றார்கள். அவன் மனைவி எதிரில் நானும் தலையாட்டினேன். த்தூ!

கிராஸின் நடுவில் கிரீஸ் கன்னை வைத்து அழுத்தினேன்.

முதல் கப்பில் வந்தது. இரண்டாவதில் வந்தது. மூன்றாவதிலும் வந்தது.

நாலாவதில் வரவில்லை.

மறுபடி அழுத்தினேன். ஏதோ குழைவாகப் பிதுங்கியது. கிரீஸ் இல்லை. சீழ் போல மஞ்சள், நடுவில் கறுப்பு. அழுகிய இறைச்சியின் வாடை மூக்கைத் துளைத்தது. அது என் புறங்கையில் சொட்டியது. வெதுவெதுப்பாக இருந்தது.

அதற்குள்ளிருந்து ஒரு முடி வந்தது. இழுத்தேன். வந்துகொண்டே இருந்தது. கொத்தாக வந்தது.

செம்பட்டை முடி.

அங்கேயே வாந்தியெடுத்தேன்.

"என்னடா சத்தம்?" மாமா குனிந்து பார்த்தார்.

"நாலாவது கப்புல... வரல மாமா."

"இவ்ளோதானா? விரலால கொஞ்சம் தடவி விடு. யாரு பாக்கப் போறா?"

என் காதருகே யாரோ மெல்லச் சிரித்தார்கள். பள்ளத்தில் நான் மட்டுமே இருந்தேன்.

மேலே கேபினில் அக்கா ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். எனக்குள் என்னவோ அறுந்தது.

"அக்கா, கீழ எறங்கு! மாமா, அவள எறக்குங்க!" என்று கத்தினேன். "ஒரு தடவ தடவி விட்டேன். அதுலதான் செம்பட்டை செத்தான். அவன் தூங்கல, தூங்கிட்டான்னு எல்லாரும் சொன்னப்ப நானும் தலையாட்டினேன். நான்தான் கொன்னேன்."

அக்கா இறங்கிவந்து பள்ளத்தின் விளிம்பில் நின்றாள். என்னை அவள் பார்த்த பார்வையில் அந்த நாற்றத்தைவிட அதிக அருவருப்பு இருந்தது.

"அவன் பொண்டாட்டி எதிர்லயும் தலைய ஆட்டினியா?" என்று மட்டும் கேட்டாள்.

கிராஸைக் கழற்றினோம். வெளியே வந்தபோது அது சரியான அளவில் இருந்தது. புள்ளி இல்லை, முடியும் இல்லை. ஆனால் நாலாவது கப்பைத் தட்டியதும் உள்ளே பேரிங் ஊசிகள் துருப்பிடித்துச் செந்தூளாகக் கொட்டின. மலை இறக்கத்தில் அது தாங்கியிருக்காது. மாமா அந்தத் தூளைப் பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கையை மண்ணெண்ணெயில் கழுவினேன், சோப்பில் கழுவினேன். வாடை போகவில்லை. பிறகு போலீஸிடம் ஒப்படைக்க, அக்கா பார்க்கப் பின்பக்கப் பீப்பாயில் கைவிட்டுத் துழாவி உடைந்த கிராஸை எடுத்தேன். ஏழு மாதக் கழிவு ஆயில் சொட்டச் சொட்ட, அதைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு நடந்தோம்.

ஸ்டேஷன் மேஜையில் வைத்துப் பிரித்தேன். ரைட்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்.

நாலாவது கப்பின் ஓரத்தில் புத்தம் புதுக் கிரீஸ் பிதுங்கி வந்துகொண்டிருந்தது.

துடைத்தேன். மறுபடி வந்தது.