தேத்தண்ணி ஆறுவதற்குள்

1962-இல் ஒரு சனிக்கிழமை மருதப்பனும் பாக்கியலட்சுமியும் சிங்கப்பூர் குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்தார்கள். மூன்றாம் மாடி. பாய், பெட்டி, அடுப்பு எல்லாம் ஏற்றி முடித்ததும் பாக்கியம் குழாயைத் திறந்து பார்த்துச் சிரித்தாள். வீட்டுக்குள்ளேயே தண்ணீர்! மருதப்பனின் சந்தோஷம் வேறு. இனிமேல் கல்குவாரித் தூசு இல்லை, வெடிச் சத்தம் இல்லை.

அவள் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். வாயில் வைக்கப் போனான்.

டங். டங். டங்.

இரும்பை இரும்பால் அடிக்கும் சத்தம். டம்ளர் கைநழுவி விழுந்தது. "ஓடு, பாக்கியம்!" என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடிப்படியெல்லாம் தாவி இறங்கினான். கீழே பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

"எங்கயோ வேலை நடக்குதுங்க. இதுக்குப் போயி இப்படியா?" என்றாள் அவள், மூச்சிரைக்க.

அந்த மணி அவனுக்குத் தெரியாதா? அடித்த கையே அவன் கைதானே! குவாரியில் ஒரு மரத்தில் தண்டவாளத் துண்டு தொங்கும். பாறைக்கு வெடி வைக்கும்போது அதை அடிப்பது மருதப்பன் வேலை. மணி ஒலிக்கும்போதே எல்லாரும் மறைப்புக்குப் பின்னால் ஓடிவிட வேண்டும். மணி நின்றால் பாறை வெடிக்கும்.

செல்லக்கண்ணு என்று ஒருவன் புதிதாக வந்தான். மணி கேட்டதும் கைலியைத் தூக்கிக்கொண்டு அவன் ஓடுகிற ஓட்டம் இருக்கிறதே, சிரித்துச் சிரித்து எல்லாருக்கும் வயிறு வலிக்கும். அதைப் பார்க்கத்தான் மருதப்பன் தேத்தண்ணி நேரத்தில், வெடியே இல்லாமல், மணி அடிக்க ஆரம்பித்தான். சில நாள் அடிப்பான், சில நாள் விட்டுவிடுவான். செல்லக்கண்ணு முதலில் ஓடினான். அப்புறம் பாதித் தூரம் ஓடித் திரும்பினான். அப்புறம் தலையைத் தூக்கிப் பார்ப்பதோடு சரி.

நிஜ வெடிக்கு மணி அடித்த அன்று அவன் எழுந்திருக்கவே இல்லை.

"சும்மா அடிக்கிறீங்க, அண்ணே. தேத்தண்ணி குடிச்சிட்டு வர்றேன் லா."

திரி பற்றிக்கொண்டுவிட்டது. மருதப்பன் கத்தினான். ஓடிப்போய் இழுத்திருக்கலாம். அவனுக்குத் தன் உயிர் பெரிதாகப்பட்டது. மறைப்புக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டான், பாவி. வெடியில் செத்துப்போன செல்லக்கண்ணு கடைசியாகச் சொன்ன அந்த வார்த்தையை அவன் யாரிடமும் சொல்லவில்லை. பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை.

குவீன்ஸ்டவுனிலும் மணி தினமும் கேட்கவில்லை. ஒரு நாள் கேட்கும், நாலைந்து நாள் கேட்காது. கேட்டால் தேத்தண்ணி நேரத்தில்தான் கேட்கும். முதலில் பாக்கியம் அவனோடு கீழே ஓடிவந்தாள். அப்புறம் பாதிப் படிக்கட்டில் நின்றுவிட்டாள். அப்புறம் வாசலைக்கூடத் தாண்டவில்லை.

"எத்தன தடவதாங்க ஓடுறது? ஒன்னும் ஆவல. எனக்குப் பழகிடுச்சு, நீங்களும் பழகிக்குங்க."



யாரோ அவளைப் பழக்குகிறார்கள்.

தான் பழக்கிய மாதிரியே.

அடுத்த வாரம் ஒரு நாள், வெளியே நல்ல வெயில். மணி அடித்தது. இந்தத் தடவை சத்தம் சுவருக்குள்ளிருந்தே வந்தது. வெடிமருந்து வாடை மூக்கில் ஏறியது.

பாக்கியம் நாற்காலியை விட்டு அசையவில்லை.

"எந்திரி, பாக்கியம்! உன் கால்ல விழறேன், எந்திரி!"

கையைப் பிடித்து இழுத்தான். கை ஜில்லென்று இருந்தது. பலம்கொண்ட மட்டும் இழுத்தும் அவள் நகரவில்லை. நிதானமாக டம்ளரைத் தூக்கி அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"சும்மா அடிக்கிறீங்க, அண்ணே," என்றாள். "தேத்தண்ணி குடிச்சிட்டு வர்றேன் லா."

கட்டிய புருஷனை அவள் அண்ணே என்றாள்.

கதவு திறந்துதான் கிடந்தது. அவன் கால் தன்னால் வாசல் பக்கம் திரும்பியது. அன்றைக்கும் இப்படித்தான் திரும்பியது.

"மன்னிச்சிருடா, கண்ணு," என்று தேம்பிக்கொண்டே அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

மணி நின்றது.

அவள் கையிலிருந்த தேத்தண்ணியின்மேல் வெள்ளையாகக் கல்தூசு படிய ஆரம்பித்தது.