ஒரு பொட்டு வெளிச்சம்

கண்பட்டையின் இடது கிண்ணம் மட்டும் ஈரமாக இருந்தது.

இது மூன்றாவது நாள். தூங்குவதற்காக மாட்டியிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டுக் கணவர் குளிக்கப் போனதும் அவள் அதைக் கையில் எடுத்து, உட்புறத்தைச் சன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள். வலது கிண்ணத்துக் கறுப்புத் துணி காலையில் அவள் கொடுத்த மாதிரியே காய்ந்து கிடந்தது. இடதில், சரியாக மையத்தில், சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டம் நனைந்திருந்தது. வியர்வை என்றால் நெற்றி ஓரத்தில் இருக்க வேண்டும். கண்ணீர் என்றால் கீழ் விளிம்பில். கிண்ணத்தின் மையமோ கண்ணைத் தொடவே தொடாத இடம். தொடக் கூடாது என்பதற்காகத்தான் இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு அதை அப்படி வடிவமைத்திருந்தாள். விரலை வைத்துப் பார்த்தாள். கண்ணாடியில் வாயை வைத்து ஊதினால் படியுமே, அந்த மாதிரி ஈரம். முகர்ந்து பார்த்தாள். அவருடைய தலைமுடியின் வாசம் இல்லை. நெடுநாள் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் வாசம்.

"தூக்கத்துல அழுதீங்களா?" என்று குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டாள்.

"உன்னைக் கட்டிக்கிட்டு பதினோரு வருஷமாச்சு. இப்பப் போய் அழுவேனா?" என்று தண்ணீர்ச் சத்தத்தோடு பதில் வந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்ததே பெரிய விஷயம். ஒரு மாதம் முன்பு அந்த வீட்டில் கேலி பேசுகிற தெம்பு இரண்டு பேருக்குமே இல்லை.

அவர் இரவு பஸ் ஓட்டுகிறவர். மாலை ஏழு மணிக்கு வண்டியை எடுத்தால் விடிய விடிய ஓட்டி, காலை ஏழரைக்கு வீடு வந்து, எட்டுக்குப் படுத்து, மூன்றுக்கு எழுவார். வருடக்கணக்காக அப்படித்தான். எதிரே காலி மனையாக இருந்த இடத்தில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று முகம் முழுக்கக் கண்ணாடியோடு எழும்பியதிலிருந்து அந்தத் தூக்கம் போயிற்று. வெயில் அந்தக் கண்ணாடியில் பட்டுத் திரும்பி நேரே படுக்கையறைக்குள் வந்து விழும். திரை போட்டாள். திரைக்குப் பின்னால் அட்டை வைத்தாள். அட்டையின் ஓரம், கதவிடுக்கு, காற்றுக்காக விட்ட சந்து என்று வெளிச்சம் எப்படியோ ஒரு வழி கண்டுபிடித்தது. இரண்டு மாதம் அவர் பகலெல்லாம் புரண்டு புரண்டு படுத்தார். பிறகு ஒரு விடியற்காலையில், நாற்பத்திரண்டு பயணிகள் தூங்கிக்கொண்டிருந்த பஸ், சாலை நடுவிலிருந்த தடுப்புச் சுவரை உரசிக்கொண்டே இருநூறு அடி போயிற்று. கண்டக்டர் போட்ட கூச்சலில்தான் பிரேக்கில் கால் வைத்தார்.

"தூங்கல. சத்தியமா தூங்கல. கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. ஆனா ரோடு இல்ல," என்று அன்று அவளிடம் சொன்னார். இன்னொரு முறை இப்படி ஆனால் ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டேன் என்று டெப்போ மேனேஜர் சொல்லியிருந்தார். அது அவருக்கு உறைக்கவே இல்லை. இன்னொரு முறை ஆனால் அந்த நாற்பத்திரண்டு பேர் என்ன ஆவார்கள் என்றுதான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடையில் வாங்கிய மாஸ்க் கண்ணை அமுக்கியது. மூக்கின் இரண்டு பக்கமும் வெளிச்சம் கொட்டியது. இதை எவன் வடிவமைத்தான் என்று அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. அவள் பெண்கள் உள்ளாடை கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே மாதிரி தைத்துக் கொடுப்பவள். நுரைப் பஞ்சைக் கிண்ணமாக வளைப்பதும், அழுத்தாமல் உடம்போடு ஒட்ட வைப்பதும் கைவந்த வேலை. கழித்துப் போட்ட கிண்ணங்களில் சின்னதாக இரண்டை எடுத்து வெட்டி அவர் கண்ணில் வைத்துப் பார்த்தபோது, "டெய்லரம்மா, வெளியில சொல்லிடாத, மானம் போயிடும்," என்றார்.

முதல் மாதிரியில் இமைமுடி துணியில் உரசியது. கிண்ணத்தை ஆழமாக்கினாள்; உள்ளே கண்ணைத் திறந்து மூடலாம், எதுவும் படாது. மூக்கோரச் சந்துக்குத் துணியில் கூடாரம் மாதிரி ஒரு மடிப்பு வைத்தாள். ஒருக்களித்துப் படுத்தால் பின்மண்டையில் கொக்கி குத்துகிறது என்றார். கொக்கியைக் காதுக்கு மேலே நகர்த்தி, பட்டையை இரண்டு விரல் அகலமாக்கினாள். அப்போதும், "நட்சத்திரம் நட்சத்திரமா தெரியுது," என்றார். சன்னல் இல்லாத குளியலறையில் விளக்கை அணைத்துவிட்டு, கிண்ணத்துக்குள் டார்ச்சை வைத்து அழுத்திப் பார்த்தபோதுதான் விளங்கியது. நடுவில் ஓடிய தையலில், ஒவ்வொரு ஊசித் துளையிலும் ஒரு புள்ளி வெளிச்சம். தலையில் அடித்துக்கொண்டாள். இத்தனை வருடம் தைத்தவளுக்கு, ஊசி போன இடமெல்லாம் ஓட்டைதான் என்று தோன்றவில்லையே! ஐந்தாவது மாதிரியில் நடுவில் தையலே கிடையாது. ஒரே துண்டுத் துணி, தையலெல்லாம் விளிம்பில். அன்று அவர் ஆறு மணி நேரம் அசையாமல் தூங்கினார். அவள் சமையலறையில் நின்று சத்தமில்லாமல் அழுதாள். அவ்வளவு சந்தோஷம்.

அந்த ஐந்தாவதுதான் இப்போது கையில் ஈரமாக இருந்தது.

குளித்துவிட்டு வந்து டீ குடிக்கும்போது அவர், "எல்லாம் பிரமாதம். ஒரு பொட்டு வெளிச்சம் மட்டும் வருது," என்றார்.

"எங்க?"

"இடது பக்கம். நடுவுக்குக் கொஞ்சம் கீழ."

அவர் வேலைக்குப் போன பிறகு டார்ச்சை வைத்துப் பார்த்தாள். புள்ளி இல்லை, கீறல் இல்லை, எதுவுமே இல்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை. இரண்டு அடுக்குத் துணி, நடுவில் கறுப்பு ரப்பர் தாள் என்று ஆறாவதைத் தைத்து முடித்தாள். இதற்குள் சூரியனே வந்தாலும் வழி கிடையாது என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் மூன்று மணிக்கு அவர் நன்றாகத் தூங்கிய முகத்தோடு எழுந்து வந்தார். "இப்ப இன்னும் தெளிவாத் தெரியுது," என்றார். "சுத்தி இருட்டாயிடுச்சில்ல, அதான். மஞ்சளா இருக்கு. அந்தக் கண்ணாடிக் கட்டட வெளிச்சம் இல்ல அது. அப்பப்ப அணைஞ்சு அணைஞ்சு வருது, நடுவுல யாரோ கடந்து போற மாதிரி."

அவள் கையில் டீ டம்ளர் அப்படியே நின்றது. "பயமா இல்லையா உங்களுக்கு?"

"எதுக்கு பயம்? ராத்திரி வண்டி ஓட்டுறப்ப தூரத்துல ஏதாவது ஒரு வீட்டு விளக்கு தெரியும். அதையே பாத்துட்டுப் போவேன். அந்த மாதிரிதான். அப்படியே தூக்கம் சொக்குது."

"கண்ணைத் தொறந்து வச்சிட்டா தூங்கறீங்க?"

அவர் யோசித்தார். "தெரியலையே," என்று சொல்லிவிட்டு, முடி வெட்டிக்கொள்ளக் கிளம்பிப் போனார்.

வாசல் கதவு சாத்தியதும் அவள் படுக்கையறைக்குள் போனாள். அவர் பக்கத்துத் தலையணையில் தலையை வைத்து, கண்பட்டையை மாட்டிக்கொண்டாள். தான் தைத்ததில் தானே படுத்துப் பார்க்காமல் இருந்தது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று தோன்றியது. முழு இருட்டு. கண்ணைத் திறந்தாள், மூடினாள், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. தெருவில் ஒரு வண்டி திரும்பும் சத்தமும், மாடியில் யாரோ நாற்காலியை இழுப்பதும், ஃபிரிட்ஜ் முனகி அடங்குவதும், தன் காதுக்குள் தன் ரத்தமே ஓடுவதும் ஒவ்வொன்றாகக் கேட்டன. பொட்டு இல்லை. மனுஷனுக்கு பிரமை, அவ்வளவுதான் என்று சிரித்துக்கொண்டாள். உடம்பு தளர்ந்தது. அப்போதுதான் இடது கண்ணில் அது பட்டது. வெதுவெதுப்பாக, லேசாக. நின்றது. மறுபடி பட்டது. அவள் மூச்சுதான் மூக்குமடிப்பு வழியாக ஏறி வருகிறது போலும். மூச்சை அடக்கினாள்.

அது நிற்கவில்லை.

வந்தது. போனது. வந்தது.

பட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். அட்டையை எடுத்துவிட்ட சன்னல் வழியாக அறை முழுக்க நல்ல வெயில். தரையில் கிடந்த கண்பட்டையின் இடது கிண்ணத்தில் பொத்தான் அளவு ஈரம் மினுங்கியது.

அவரிடம் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? மறுநாள் காலை அவர் அதையே மாட்டிக்கொண்டு, படுத்த ஐந்து நிமிடத்தில் குறட்டை விடத் தொடங்கினார். சீரான, நிறைவான குறட்டை. அந்தச் சத்தத்துக்காக இரண்டு மாதம் ஏங்கியவள் அவள். பத்து மணிக்குக் கண்டக்டர் போன் செய்தான்.

"அண்ணி, அண்ணன் தூங்கிட்டாரா?"

"தூங்கறார். என்ன தம்பி?"

"வண்டியெல்லாம் இப்ப பூ மாதிரி ஓட்டறார். அதுல குறையே இல்ல. ஆனா…" அவன் குரலைத் தாழ்த்தினான். "நேத்து அந்தக் காட்டு ரோட்டுல ஹெட்லைட்டை அணைச்சிட்டார் அண்ணி. இருபது நிமிஷம். கும்மிருட்டு. நான் கத்தறேன், 'லைட்டு எதுக்குடா, அதான் நல்லாத் தெரியுதே'ன்னு சிரிக்கறார். ஒரு குழியில இறக்கல, ஒரு வளைவு தப்பல. அதான் எனக்கு பயமே."

அன்று மாலை அவர் கிளம்பியதும் அவள் கண்பட்டையை எடுத்துப் பழைய துணி மூட்டைக்கு அடியில் திணித்தாள். வெட்டிப் போட்டிருக்கலாம். கத்தரிக்கோல் கையில்தான் இருந்தது. ஆனால் அவர் தூங்கியாக வேண்டுமே என்ற நினைப்பு கையைப் பிடித்துக்கொண்டது.

காலையில் அவர் தேடினார். கிழிந்துவிட்டது, வேறு தைக்கிறேன் என்றாள். அவர் அப்படியே படுத்தார். ஒன்பது மணிக்குக் கண்ணாடிக் கட்டடம் பற்றி எரிகிற மாதிரி ஜொலித்தது. பத்துக்குப் புரண்டார். பதினொன்றுக்கு எழுந்து தண்ணீர் குடித்தார். பன்னிரண்டு மணிக்குத் தையல் மெஷின் பக்கத்தில் வந்து நின்றபோது இரண்டு கண்ணும் ரத்தமாகச் சிவந்திருந்தன.

"இன்னிக்கு வண்டி ஃபுல்லு," என்றார். "குழந்தைங்க இருக்காங்க. இன்னிக்கு ஒரு நாள் மட்டும் குடு."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். தடுப்புச் சுவரை நினைத்தாள். எழுந்து போய் மூட்டையைக் கலைத்தாள்.

தன் கையாலேயே மாட்டிவிட்டு, கொக்கியைக் காதுக்கு மேலே பொருத்தி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவர் தலையணையில் தலையைச் சரிசெய்துகொண்டார். பிறகு உதடு விரிந்தது.

"ஜெயிச்சிட்ட, டெய்லரம்மா."

"என்ன?"

"பொட்டு போயிடுச்சு. முழு இருட்டு."

குறட்டை தொடங்கியது.

அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். உள்ளங்கை இரண்டும் சில்லென்று ஆகியிருந்தன. ஏன் என்று அவளுக்கே முதலில் பிடிபடவில்லை. அவர்கள் வாசல் கதவில் பார்வைத் துளை ஒன்று உண்டு. வெளியே நின்று மணி அடித்தால், வீட்டுக்குள் எரியும் விளக்கு அதில் ஒரு பொட்டாகத் தெரியும். உள்ளேயிருந்து யாராவது வந்து கண்ணை வைத்தால் பொட்டு அணையும். கதவுக்குப் பின்னால் ஆள் வந்துவிட்டது என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள்.

கட்டிலின் விளிம்பை இறுகப் பிடித்தாள். எழுந்து ஓடலாம். ஓடினால் இவர்?

கண்பட்டையின் கீழ் விளிம்பில் விரலை நுழைத்தாள். மெல்ல நெற்றிக்குத் தூக்கினாள்.

வலது கண் மூடியிருந்தது. தூங்குகிறவரின் கண். இடது திறந்திருந்தது.

கண்ணாடிக் கட்டடத்து வெயில் நேரே அதில் விழுந்தது. கண்பாப்பா சுருங்கவில்லை. அகலமாக, கறுப்பாக, அப்படியே இருந்தது. அவள் குனிந்தாள். வெதுவெதுப்பான காற்று அவள் கன்னத்தில் பட்டது. அந்தக் கண்ணிலிருந்து. பூட்டிக் கிடந்த அறையின் வாசம்.

கறுப்பின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு கீற்று தெரிந்தது. அடைத்துக்கொண்டிருந்த எதுவோ கொஞ்சம் விலகியது. அவளைச் சரியாகப் பார்க்க வசதியாக. மறுபடி அடைத்தது. அவருடைய இமைகள் அசையவில்லை. உள்ளே, ஆழத்தில், ஒரு இமை மூடித் திறந்தது.

அவள் பின்னால் நகர்ந்தாள். சுவர் வந்துவிட்டது.

"என்னங்க," என்றாள்.

அவர் எழுந்து உட்கார்ந்தார். தலை சாய்ந்திருந்தது. வாய் திறந்திருந்தது. குறட்டை நிற்கவில்லை. கால்கள் தரையைத் தேடித் தொட்டன. கை நீண்டு, நாற்காலியில் தொங்கிய யூனிஃபார்ம் சட்டையை எடுத்தது. வண்டி எடுக்க இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது. பொத்தான்களை அந்தக் கை கீழேயிருந்து மேலாக, ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, புதிதாகக் கற்றுக்கொள்கிற மாதிரி போட்டது.

வலது கண் மூடி, சீராகக் குறட்டை விட்டுக்கொண்டே, அவர் வாசல் கதவைத் திறந்து வெளியே போனார்.