லாயத்து ஆணியில் ஒரு சட்டை

முந்தின நாள் சாயங்காலம் கழற்றி ஆணியில் மாட்டியபோது சட்டை திறந்துதான் கிடந்தது. காலையில் வந்து பார்த்தால் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தது.

குதிரைக்காரன் உருண்டை, தீவன வாளியைக் கீழே வைத்தான். கழுத்துப் பொத்தானைப் போட்டால் அவனுக்கு மூச்சு முட்டும், போட்டதே கிடையாது. அந்த லாயத்தில் அவனையும் பொலிகுதிரையையும் விட்டால் படுக்க வேறு ஆளில்லை. எவனோ விளையாடியிருக்கிறான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அவன் வேலைக்கு வந்த புதிதில் அந்தக் குதிரையைப் பார்க்கச் சகிக்காது. காற்றில் கூரைத் தகரம் தட்டினாலே உடம்பெல்லாம் வேர்த்து நுரைத்து, மூலைக்கு மூலை நடந்து நடந்து, தரையில் ஒரு வாய்க்கால் போலப் பள்ளமே விழுந்திருந்தது. தின்றதெல்லாம் அந்த நடையில் கரைந்துவிடும். பெட்டைகளோடு சேர்க்கும் பருவத்துக்குள் அது தேறாவிட்டால் குதிரையோடு ஆளும் கிளம்ப வேண்டியதுதான் என்று முதலாளி சொல்லிவிட்டார். லாயத்தை ஒட்டிய அறையை விட்டால் உருண்டைக்குப் போக்கிடம் இல்லை.

வேலை வாங்கிக் கொடுத்தது அக்கா புருஷன். முன்னே அதே லாயத்தில் அவர்தான் இருந்தார். இப்போது எல்லாக் கொட்டகைக்கும் மேஸ்திரி.

"பயந்த குதிரைக்கு மனுச வாசனை வேணும் மாப்ளே," என்றார் மச்சான். "வேர்த்த சட்டையைத் துவைக்காம அந்த ஆணியில மாட்டு. தனியா இல்லைன்னு நினைச்சுக்கும்."

அது பொய்யில்லை. சட்டையை மாட்டிய அன்றே குதிரை நடையை நிறுத்தியது. எந்நேரமும் முன்னால் காய்ந்த புல். ஊறிய கொள்ளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை. மேலே ஒரு கரண்டி எண்ணெய். விலா மறைந்தது. தொடை திரண்டது. வாரிவிடும்போது அவன் தோளில் தாடையை வைத்துக் கண் செருகி நிற்கும். பெண்டாட்டி பிள்ளை இல்லாதவனுக்கு அந்தத் தாடையின் கனம் போதுமாக இருந்தது.

இளைத்தது அவன்தான். இடுப்பு வாரில் புதிது புதிதாக ஓட்டை போட்டான்.

"என்ன மாப்ளே, உருண்டைங்கிற பேரையே கெடுத்துடுவே போலிருக்கே! குதிரை வாளியில நீயும் வாய வையேன்." மச்சான் தன்னுடைய புதுத் தொந்தியைத் தடவிச் சிரித்தார். பக்கத்தில் நின்ற அக்கா சிரிக்கவில்லை.

பொத்தான் போட்டிருந்த அன்று சாயங்காலம் அறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் குதிரை புல்லை அரைக்கும் சத்தம், மூத்திர நெடி, வாலால் ஈயை விரட்டும் வீச்சு, நடுவே ரோமத்தில் இழுபடும் பிரஷ். சரக், சரக். நிதானமான, பழகின கை.

பிரஷ் அவன் மடியில் இருந்தது.

எழுந்து ஓடிப் பார்த்தான். குதிரை மட்டும்தான். தட்டிக்கொடுக்கக் கையை நீட்டினான். அது காதைப் பின்னுக்கு மடித்தது. கண்ணில் வெள்ளை தெரிந்தது. தனக்குப் பின்னால் எதையோ பார்க்கிறது என்று நினைத்துத் திரும்பினான். யாருமில்லை.

சட்டையை ஆணியிலிருந்து பிடுங்கினான். அக்குள் ஈரமாக இருந்தது. உடம்புச் சூடு. ஆள் இருப்பதுபோல் கனம்.

அக்கா தன் வீட்டு வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"இதையும் துவைச்சுக் குடுக்கா. நாறுது."

நீட்டிய கையை அவள் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "ஏன்டா எடுத்த?"

"எடுத்தா என்ன?"

தூரத்தில் குதிரை அலறியது. பலகை உடைபடும் உதை. வீட்டுக்குள்ளிருந்து மச்சான் சோற்றுக் கையோடு வந்தார். சட்டையைப் பார்த்தார். அதைப் பறித்துக்கொண்டு வெறுங்காலோடு லாயத்துப் பக்கம் ஓடினார்.

"அக்கா, என்ன இது?"

"அவரும் இப்படித்தான்டா உருகினாரு." அவள் வாளித் தண்ணீரிடம்தான் பேசினாள். "அவரு சட்டைய அந்த ஆணியில இருந்து கழட்டணும்னா வேற ஒருத்தன் சட்டைய அதுல மாட்டணும். எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குடா."

நானும் உன்கூடப் பிறந்தவன்தானேக்கா என்று நினைத்துக்கொண்டே லாயத்துக்கு நடந்தான்.

இருட்டிக்கொண்டு வந்தது. அலறல் நின்றுவிட்டது.

சரக். சரக்.

அரைக்கதவுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். கொழுத்த கழுத்து. தாழ்ந்த தலை. தாடை ஒரு தோளின்மேல். முதுகு காட்டி ஒரு உருவம் நின்றது. அவன் சட்டை. சட்டை நிறைய உடம்பு, அவன் முன்னே இருந்த உடம்பு.

"ராசா," என்று கூப்பிட்டான். தினமும் கூப்பிடுகிற மாதிரிதான்.

குதிரை அவனைப் பார்த்தது. நடுங்கியது. பின்வாங்கிச் சுவரோடு ஒட்டியது.

"ஒண்ணுமில்லடா ராசா. ஒண்ணுமில்ல."

சொன்னது அவனில்லை. குரல் அவனுடையது.

மச்சான் பக்கத்தில் வந்து நின்றார். மூச்சு இரைத்தது. உருண்டையை நேருக்கு நேராகப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பி, கதவுக்கு உள்ளே பார்த்துக் கேட்டார்.

"மாப்ளே, கொள்ளு வெச்சாச்சா?"

"ஆச்சு மச்சான்," என்று உள்ளிருந்து பதில் வந்தது.

குதிரை மெல்ல முன்னால் வந்து, மறுபடியும் அந்தத் தோளில் தாடையை வைத்தது.